ஸ்கூட்டருக்குள் எந்த மோட்டார்?

மோட்டார் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், அம்மணி! தங்கள் சமையலறையிலேயே இரண்டு ரக மோட்டார்கள் குடியிருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால், மின்சார ஸ்கூட்டர் கடையில் விற்பனையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை.

முதலில் மிக்ஸி. இரண்டு கார்பன் துண்டுகள் சுழலும் பாகத்தை உரசியபடியே அதற்குள் மின்சாரத்தைச் செலுத்துகின்றன. உரசினால் தேயத்தானே செய்யும்? கார்பன் மாற்ற எத்தனை தடவை மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள்! இப்படிக் கார்பன் வைத்த டி.ஸி. மோட்டார்தான் 2001-ல் பெங்களூரில் வெளிவந்த 'ரேவா' காரில் முதலில் இருந்தது. இன்றைய புது ஸ்கூட்டர்களில் அது இல்லை.

அடுத்தது கிரைண்டர். இதில் உரசலே கிடையாது. வெளிச் சுருளில் ஓடும் மின்சாரம் காந்த சக்தியைச் சுழலவிட, உள்ளே இருக்கும் உலோகத்தில் தானாகவே மின்சாரம் பிறந்து, அது பின்னாலேயே ஓடுகிறது. இதன் பெயர் இண்டக்ஷன் மோட்டார். நிகோலா டெஸ்லா 1888-ல் அமெரிக்காவில் பேடண்ட் வாங்கியது இதற்குத்தான். 2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் ஓடியதும் இதே ஜாதி. முரட்டு உழைப்பாளி, காந்தம் கேட்காது. ஆனால் உள்ளே பிறக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. சின்ன பாட்டரி உள்ள ஸ்கூட்டருக்கு இந்த ஊதாரித்தனம் கட்டுபடியாகுமா?

ஆகவே அங்கே நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார். புதிதாக வந்திருக்கும் பி.எல்.டி.ஸி. மின்விசிறியும் இதன் உறவினர்தான். பழைய விசிறி 75 வாட் தின்கிற இடத்தில் ஏறக்குறைய 30 வாட்டோடு திருப்தி அடைகிறது. டெஸ்லா கம்பெனியே 2017-ல் மாடல் 3 காருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

காந்தத்துக்கும் ஒரு குறை உண்டு. நியோடிமியம் காந்தம் அதிகச் சூட்டில் பலம் இழக்கும். அதைத் தடுக்க டிஸ்ப்ரோஸியம் சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் திண்டாடிப் போயின. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நியோடிமியம் இருக்கிறது. டிஸ்ப்ரோஸியம்தான் மிக அற்பம். என்ன செய்வது!

சரி, கடைக்குப் போவோம். மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பின் சக்கரத்துக்குள்ளேயே இருந்தால் பாகங்கள் குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவது சள்ளை. நடுவில் வைத்து, பெல்ட்டோ செயினோ மூலம் சக்கரத்தைச் சுற்றினால் மேட்டில் இழுவை நன்றாக இருக்கும். பெல்ட்டுக்கு ஒருநாள் செலவு வைக்கும்.

வாட் கணக்கையும் விடாதீர்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் சில விநாடி தரக்கூடிய உச்சம். தொடர்ந்து தருவது எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வேண்டாத வண்டி என்றால் 250 வாட்டுக்கும் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. காய்கறிக் கடைக்குப் போதும். குழந்தையைப் பின்னால் வைத்து, புத்தக மூட்டையோடு மேம்பாலம் ஏறுகிறவர்களுக்கு அது வேண்டாம்.