தோளில் இடிக்கலாம்... தலையில்?

ஐஸ் ஹாக்கியில் இடித்துத் தள்ளுவது தப்பாட்டம் இல்லை. 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு யாரிடம் இருக்கிறதோ, அவரைத் தோளாலோ இடுப்பாலோ மோதலாம். பெயர் பாடி செக்கிங். அது இல்லாவிட்டால் ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போய்விடும் என்கிறார்கள் ரசிகர்கள். சரி, இருக்கட்டும். இதில் தலை எங்கே வந்தது?

2010 மார்ச் 7. பாஸ்டன் வீரர் மார்க் சவார்ட் அப்போதுதான் பக்கை அடித்து முடித்திருந்தார். பிட்ஸ்பர்க் அணியின் மேட் குக் பக்கவாட்டில் வந்து அவர் தலையில் மோதினார். சவார்ட் அப்படியே சாய்ந்தார். குக்குக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை! அதைத் தடுக்க என்.எச்.எல்.லில் விதியே இல்லையாம். பிறகுதான் 48-ஆம் விதி வந்தது. அதுவும் முதலில் பக்கவாட்டிலோ, கண்ணில் படாத திசையிலோ வந்து மோதினால் மட்டும்தான் தப்பு. எந்தத் திசையானாலும் தப்பு என்று மாற 2011 ஆனது. 'தவிர்க்க முடியாத மோதல்' என்ற சந்து மட்டும் இன்றும் திறந்தே கிடக்கிறது.

"தலையைக் குனிந்துகொண்டு ஆடினது அவன் தப்பு" என்பது பழைய பல்லவி. பார்க்காமல் ரோட்டைக் கடக்கிறவன் மேல் வண்டியை ஏற்றலாமா என்ன? மோத வருகிறவருக்கு எல்லாம் தெரிகிறது, அடி வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. பொறுப்பு யாருடையது?

சவார்ட் 2011 ஜனவரியில் மறுபடியும் தலையில் அடிபட்டார். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. அப்போது வயது 33.