பாதிப் பாட்டு

மாசி பிறந்தால் எங்கள் வாப்பாவின் கடையில் வர்ணக் கடதாசியும் ஜிகினாவும் வழமையை விடக் கூடுதலாக விலைப்படும். பசறைப் பக்கத் தோட்டங்களில் காமன் கூத்துத் தொடங்கப் போகிறது என்பதைச் சிறுவயதில் நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். வாங்குபவர்கள் கடன் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டுச் சம்பள நாளில் வந்து கொடுப்பார்கள். பழைய கொப்பிகளை அண்மையில் புரட்டினேன். ஒரு காலத்தில் மாசிக் கணக்கில் ஏழெட்டுத் தோட்டங்கள் இருந்திருக்கின்றன. இந்த வருடம் இரண்டுதான்.

கூத்தைப் பார்த்திராத தங்கைகளுக்காகச் சிறிது சொல்கிறேன். சிவன் மன்மதனை எரித்ததும், ரதி அழுது மன்றாடி அவனை மீட்டதுமான புராணக் கதை அது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை, பகல் முழுக்க மலையில் வேலை செய்த சனம் இரவில் தப்புச் சத்தம் கேட்டு ஒன்றுகூடும். ரதியும் மதனும் லயம் லயமாகப் போய் ஆடிப் பாடுவார்கள். இருவருமே ஆண்கள்தான். தூதன், வீரபத்திரன், எமன் என்று வேடங்கள் கூடிக்கூடி, கடைசி இரவு விடிய விடிய நடக்கும்.

தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்த இந்தக் கூத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரோடு கடல் கடந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் அது நின்றது. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்புத்தான். துரையின் வேலைக்காக அடிபட்ட அதே தப்பு, மாசி இரவுகளில் அவர்களுக்காகவே அடித்தது. கூத்து இத்தனை காலம் நிலைத்ததற்கு நான் காணும் காரணம் இதுதான்.

கூத்து அழிவது தொலைக்காட்சியால் என்று பலர் சொல்கிறார்கள். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். 1948 இல் குடியுரிமை பறிபோனது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. கூத்தின் பாட்டுகளோ பெரும்பாலும் ஏட்டில் இல்லை, ஆட்களின் நெஞ்சில் இருந்தன.

எங்கள் கடைக்கு வரும் முதியவர் ஒருவர் இளமையில் ரதி வேடம் கட்டியவர். அவரைத் தாத்தா என்று கூப்பிட்டுப் பழகவே எனக்குப் பல நாள் எடுத்தது (எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி!). மதனாக ஆடியவர் அவருடைய சொந்தத் தம்பி. பாடிக் காட்டச் சொன்னேன். தராசுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிப் பாடினார். நடுநடுவே நிறுத்தி, கையால் தாளம் மட்டும் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அது மதன் பாடுற எடம் பாப்பா. எனக்கு என் பாட்டுதான் தெரியும். அவன் பாட்டு அவனோட கப்பலேறிடுச்சு."

இதை இங்கே எழுதும்போது சிலர் கேட்கக்கூடும்: அது அவர்களின் வழிபாடு, நமக்கென்ன? உண்மை, வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அந்தப் பாட்டு நாம் பேசும் தமிழில் இருக்கிறது. நோன்புக் காலத்தில் ரபான் தட்டிப் பாடி ஸஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாக்களின் பாட்டை நம்மில் எத்தனை பேர் எழுதி வைத்தோம்? என் உம்மம்மாவுக்கு இரண்டு அடிதான் நினைவிருக்கிறது. நம்முடையதையே கைவிட்ட நாம், அடுத்த வீட்டுக்காரர் தம்முடையதைக் காக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது.

கூத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கி மேடையேற்றிக் கைதட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதில் ஜிகினா மிஞ்சும், பாட்டு மிஞ்சாது. தப்பு அடிப்பதை இழிவென்று ஒதுக்கும் படித்த பிள்ளைகள் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தப்பைச் சாதியோடு சேர்த்துப் பார்த்து அவர்களைச் சிறுமைப்படுத்தியவர்கள் பலர். எங்கள் கடைவீதியிலும் இருந்தார்கள்.

பாட்டுக் கற்ற முதியவர்கள் இப்போதும் மருந்து வாங்கவும் சீனி வாங்கவும் பதுளைக்கும் பசறைக்கும் வருகிறார்கள். கடை வைத்திருக்கும் பெற்றோருக்கு அவர்களைப் பெயர் சொல்லித் தெரியும். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி இருக்கிறது. அனுமதி கேட்டுப் பதிந்து, சொல்லுக்குச் சொல் எழுதி, கல்லூரி நூலகத்தில் ஒரு கொப்பி வைக்கலாம். அதற்குப் பணமும் வேண்டாம், அமைச்சரும் வேண்டாம்.

ரதியின் பாட்டை நான் எழுதி முடித்துவிட்டேன். மதன் பாடும் இடங்களை வெற்று வரிகளாக விட்டிருக்கிறேன். தம்பி காலமாகிவிட்டாராம். அவருடைய மகன் நீலகிரியில் கூடலூருக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லி, மடித்துக் கசங்கிய கடதாசி ஒன்றில் தொலைபேசி இலக்கத்தைக் கொண்டுவந்து தந்தார் தாத்தா. இரண்டு முறை எடுத்தேன், யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மீண்டும் எடுப்போம் என்று வாப்பா சொல்லியிருக்கிறார்.