உழைக்கும் ஊருக்கு உடற்பயிற்சி எதற்கு?

உடற்பயிற்சி என்பது நகரத்தவரின் பொழுதுபோக்கு என்றும், உட்கார்ந்து உண்பவர் தம் கொழுப்பைக் கரைப்பதற்குக் கண்டுபிடித்த உபாயம் என்றும் ஒரு கருத்து ஈழத்துத் தமிழ்க் கிராமங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. மன்னார் மாவட்டத்து நானாட்டான் பிரதேசம் இக்கருத்தை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்றதோர் இடமாகும். அருவியாற்று நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பி, அக்குளத்தின் வாய்க்கால்களால் நெல் விளைவிக்கும் பூமி அது. கரையோரத்தில் வங்காலையிலே கடற்றொழில். உள்ளே முருங்கன் வரை வயல். இத்தகைய ஊரில் "வயல்காரனுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று ஒருவர் கேட்டால், அவ்வினா விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படுவதன்று, பேச்சை முடிப்பதற்காகவே கேட்கப்படுவது.

அவ்வினா நியாயமானதாக இருந்த காலம் ஒன்று உண்டு. எருமை பூட்டி உழுததும், அரிவு வெட்டிக் கட்டுத் தூக்கியதும், சூடு மிதித்ததும், உரலில் நெல் குற்றியதும், தண்ணீருக்கு நெடுந்தூரம் நடந்ததும் உடம்பின் வேலைகள். இன்று உழவு இயந்திரம் உழுகின்றது. அறுவடை இயந்திரம் வெட்டி, அடித்து, நெல்லை வேறாக்கியும் தருகின்றது. குற்றுவதற்கு ஆலை உண்டு. துவிச்சக்கர வண்டியின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது; ஐந்நூறு யார் தொலைவிலுள்ள கடைக்கும் அதுவே போகின்றது. இம்மாற்றத்தை எண்ணி இரங்க வேண்டியதில்லை. உலக்கைப் பண்பாட்டைப் புகழ்ந்து எழுதுவோரிற் பெரும்பாலோர் உலக்கை பிடித்தவர் அல்லர்; பிடித்த பெண்ணுக்கே அதன் பாரம் தெரியும். ஆயின் உடல் செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்ட பின்னரும், அவ்வேலைக்கு அளந்த சோற்றுக் கோப்பை மட்டும் குறையவில்லை. ஊர் மாறிவிட்டது, ஊரைப்பற்றி ஊரவர் கொண்ட எண்ணம் மாறவில்லை.

இம்முரண்பாட்டின் விளைவை அறிய வைத்தியசாலைகளின் கிளினிக் நாட்களில் விடியற்காலையிலேயே நீளும் வரிசையைப் பார்த்தாற் போதும். குருதி அமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல் என்ற மூன்று சொற்களும் இன்று படிக்காத முதியவரின் வாயிலும் சரளமாக வருகின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட கணிப்பின்படி இலங்கையில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு 83 தொற்றா நோய்களால் நிகழ்பவை. கொள்ளைநோய்களுக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு சமூகம், அவற்றினும் கூடுதலானோரைக் கொல்லும் நோய்களோடு பழகிப்போய்விட்டது.

அசைவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை முதலில் துலக்கிக் காட்டியது ஒரு தொழிலாளர் ஆய்வு என்பதை ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஜெரமி மொறிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் இலண்டன் நகரின் இரட்டைத் தட்டுப் பஸ்களில் ஒரே வண்டியில் வேலை செய்த இருவரை ஒப்பிட்டனர். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர். நடத்துநர் நாள் முழுவதும் படியேறி இறங்குபவர். நடத்துநரிடையே இதயநோய் குறைவாயிருந்தது. வந்தவரிடத்தும் அது கடுமை குறைந்து காணப்பட்டது. 1953இல் லான்செற் சஞ்சிகையில் இம்முடிவு வெளியாயிற்று. சில ஆண்டுகளின் பின் அதே ஆய்வாளர், சாரதிகளின் சீருடை அளவுகளை ஆராய்ந்து, அவர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமன் கூடியவராயிருந்ததையும் எடுத்துக் காட்டினார். தம் முடிவைத் தாமே சோதித்த அந்நேர்மை போற்றத்தக்கது. அதன் பின் வந்த எண்ணற்ற ஆய்வுகள் மூலக்கருத்தை வலுப்படுத்தினவேயன்றி வீழ்த்தவில்லை.

"அப்படியாயின் இன்னும் கூலிக்கு மூட்டை சுமப்பவனுக்கு நோய் வரலாகாதே" என்று வாதிப்போர் உளர். இது மேலோட்டமான வாதம். டென்மார்க்கு முதலிய நாடுகளிற் செய்யப்பட்ட ஆய்வுகள், ஓய்வின்றிச் சுமக்கும் தொழிலுழைப்பு ஓய்வுநேர அசைவு தரும் நன்மையைத் தருவதில்லை என்பதைச் சுட்டுகின்றன. சுமப்பவன் தன் வேகத்தைத் தானே தீர்மானிப்பதில்லை. களைத்த இடத்தில் நிற்பதற்கு அவனுக்கு உரிமையில்லை. இரவில் உடல் மீள்வதற்குள் மறுநாள் விடிந்துவிடுகின்றது. உடலுழைப்பு ஒருவன் மேற் சுமத்தப்படுவது. உடற்பயிற்சி ஒருவன் தனக்கென எடுத்துக்கொள்வது. எனவே கூலியாளுக்கு வேண்டியது இன்னுமொரு சுமையன்று, ஓய்வும் அவ்வோய்விலே தன் விருப்பப்படி உடலை அசைக்கும் சுதந்திரமுமாகும். அவனுடைய வியர்வையைக் காட்டி, வரம்பிலே நின்று மேற்பார்வை செய்யும் காணிக்காரர் தமக்கும் பயிற்சி வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவது வேடிக்கையிலும் வேடிக்கை.

தேவைப்படும் அளவும் மலைப்புக்குரியதன்று. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவில் ஈடுபட வேண்டும் என்பதும், சிறுவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் என்பதும் 2020இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த நெறி. விரைந்து நடத்தலே அதற்குப் போதும். இயங்கும் தசை இன்சுலினின் உதவியின்றியும் குருதியிலுள்ள சீனியை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றலுடையது. நீரிழிவுக்கு நடை மருந்தாவது இதனாலேயே. 2006இல் முடிவுகள் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பாய்வு, நோயின் வாசலில் நின்றவர்களிடையே உணவு மாற்றமும் ஒழுங்கான அசைவும் நோய்க்கான வாய்ப்பை நூற்றுக்கு 28.5 குறைத்தமையைக் காட்டியது. மெற்போமின் மாத்திரை குறைத்தது 26.4. இவ்வாய்வு நிகழ்ந்தது தமிழர் வாழும் சென்னையில். ஆட்பட்டவர்கள் சோறுண்ணும் மக்கள். மேனாட்டார் உடம்பு வேறு, நம்மவர் உடம்பு வேறு என்ற சாக்குக்கு இனி இடமில்லை.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்பவரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அது பெண்ணின் உடல். பத்து வயதுவரை ஆண்பிள்ளைகளோடு சமமாக ஓடிய சிறுமி, பூப்பெய்திய மறுநாளே மைதானத்திலிருந்து விலக்கப்படுகிறாள். "குமர்ப்பிள்ளை துள்ளித் திரியலாமோ" என்ற ஒரு வாக்கியம் அவளுடைய எலும்புக்கும் இதயத்துக்கும் தீர்ப்பெழுதிவிடுகின்றது. உலகளவிற் கட்டிளம் பருவத்தினரில் ஐந்தில் நால்வர் போதிய அசைவற்றவர் என்றும், அவர்களிலும் பெண்பிள்ளைகளின் நிலையே மோசமானது என்றும் 2019இல் வெளியான கணிப்பு கூறுகின்றது. எலும்பு வலுப்பெறும் பருவமும் இதுவே என்பதை எண்ணினால் இழப்பின் அளவு புலப்படும். மணமான பின் வீட்டுவேலையே பயிற்சி என்று அவளுக்குச் சொல்லப்படுகின்றது. வளவு கூட்டுவதும் அசைவுதான், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வேலையும் கூலியாளின் சுமையைப் போன்றதே: தனக்கென எடுத்துக்கொண்டதன்று.

மரபு பெண்ணைத் தடுக்கின்றது என்பாரும் மரபை முழுதாக அறிந்தவர் அல்லர். மடு மாதாவின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு மன்னார்ப் பெண்கள் நடந்து சென்ற வழக்கு உண்டு. குமரியும் கிழவியும் காட்டு வழியே பல மைல் நடந்தனர், எவரும் குறைகூறவில்லை. நேர்த்திக்காக நடக்கும் பெண்ணைப் போற்றும் அதே ஊர், அவள் தன் உடல்நலத்துக்காகச் செவ்வாய்க்கிழமை மாலையில் வாய்க்கால் ஓரமாக நடந்தால் "எங்கே போகிறாள்?" என்று கேட்கின்றது. ஆகவே தடை நடையிலன்று. தனக்காக நடக்கிறாள் என்பதிலேயே உள்ளது.

பாடசாலைகளின் நிலை என்ன? உடற்கல்விப் பாடவேளை நேரசூசியில் உண்டு. பரீட்சை நெருங்கினால் அதுவே முதலிற் கணிதத்துக்கு இரவல் போகின்றது. ஆண்டு தோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி கொடியும் வாத்தியமுமாக நடைபெறும். ஓடுவோர் முப்பது பேர். மிகுதி முந்நூறு பேரும் பந்தலின்கீழ் இருந்து கைதட்டுவோர். வென்றவனுக்குக் கிண்ணம் கொடுப்பதிலே குற்றமில்லை. வெல்ல முடியாத பிள்ளைக்கும் ஓர் இதயம் இருக்கின்றது என்பதை மறந்ததே குற்றம். மாலையில் அப்பிள்ளை தனியார் கல்வி நிலையத்து வாங்கிலே மீண்டும் அமர்கின்றது. இவ்வாறு பன்னிரண்டு ஆண்டு அமர்ந்து பழகியோரே பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்கின்றனர். இரண்டாம் மாடிக்கு மின்தூக்கியை எதிர்பார்த்து நிற்கும் விரிவுரையாளரும் மாணவரும் வேறோர் உலகத்தவர் அல்லர்.

முதியோர் செய்தி சுருக்கமானது. "வயது போனால் மூலையில் இருக்க வேண்டும்" என்பது மரியாதையன்று. இருக்க இருக்கக் கால் வலுவிழக்கும். வலுவிழந்த கால் தடுக்கி விழும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரிற் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை.

வெயிலும் சோளகக் காற்றின் புழுதியும் காரணமாகக் காட்டப்படலாம். விடியலும் அந்தியும் மன்னாருக்கும் உண்டு. இடமில்லை என்பதும் பொருந்தாது. ஊர்தோறும் பாடசாலை மைதானம் இருக்கின்றது. பிற்பகல் இரண்டு மணிக்குப் படலை பூட்டப்பட்டபின் அங்கு மேய்வன மாடுகளே. திறந்துவிட்டால் உடைமைகளுக்குச் சேதம் வரும் என்று அதிபர்மார் அஞ்சுவது பொய்யான அச்சமன்று. வகுப்பறைகளைப் பூட்டி மைதானத்தை மட்டும் திறப்பதும், மாலையில் ஒரு மணிநேரத்தைப் பெண்களின் வலைப்பந்துக்கும் நடைக்குமென ஒதுக்குவதும், ஒரு மின்விளக்குக்கு வழிதேடுவதும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தன் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானிக்கக்கூடியவை. அச்சங்கங்களின் கதிரைகளில் அமர்ந்திருப்போர் அத்தீர்மானத்தை இன்னும் ஏன் கொண்டுவரவில்லை என்று ஊர்ப் பெண்களே எழுந்து கேட்க வேண்டும்.