விளம்பரத்தைத் தடுப்போரும் படம் ஆக்குவோரும்

கணனியில் காணொளி பார்க்கும் நம் மாணவர்களுக்கு விளம்பரத் தடுப்பான் புதிய பொருளன்று. படத்தின் முன்னும் நடுவிலும் குறுக்கிடும் விளம்பரங்களை அச் சிறு செயலி மறைத்துவிடுகிறது. பார்ப்பவருக்கு நிம்மதி, படத்தை ஆக்கியவருக்கு அதனால் யாது நேர்கிறது என்பதைச் சிலரே சிந்திக்கின்றனர்.

பத்திரிகை விளம்பரத்தை வாசகர் பாராமலே பக்கம் புரட்டலாம். அதற்குரிய கட்டணம் முன்னரே வந்து சேர்ந்திருக்கும். யூரியூப்பில் அவ்வாறன்று. விளம்பரம் திரையில் தோன்றினாற்றான் பணம். அதிலே, நீண்ட காணொளிகளுக்கு, நூற்றுக்கு 55 பங்கு படைப்பாளருக்கு, எஞ்சியது கம்பனிக்கு. தோன்றாத விளம்பரத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

கனடாவில் வாழும் லைனஸ் செபஸ்டியன் என்னும் புகழ்பெற்ற படைப்பாளர், விளம்பரத்தைத் தடுப்பது திருட்டுப் பிரதி எடுப்பதற்கு ஒப்பாகும் என்று 2022இல் கூறினார். பெரும் வாதம் மூண்டது. தடுக்காதீர் என்று அவர் கட்டளையிடவில்லை. செய்வது இன்னதென அறிந்து செய்யுங்கள் என்பதே அவர் கருத்து. அச்சொல் கடுமையானதென்றே நாம் எண்ணுகிறோம். கடைக்காரர் தெருவிலே இலவசமாகப் பரப்பிய பொருளைப் பார்த்தவரைக் கள்வர் எனல் பொருந்துமா? ஆயினும், உழைத்தவன் தன் கூலியைப் பற்றி வாய் திறந்தமைக்காக அவனை ஏசியவர்களோடு நாம் உடன்படோம்.

பார்ப்போர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பெயர்பெற்ற நிறுவனங்களைப் போல வேடமிட்டு ஏமாற்றும் விளம்பரங்கள் பெருகியதால், தேடுதளங்களைப் பயன்படுத்துகையில் தடுப்பானை வைத்துக்கொள்ளுமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனமே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. கள்வரைப் பிடிப்போரே கதவைச் சாத்தச் சொன்னால், சாத்தியவரைக் குறைகூறுவது எங்ஙனம்?

கம்பனி 2023இல் தடுப்பானை எதிர்த்து முனைந்து இறங்கிற்று. விளம்பரத்தை அனுமதியுங்கள், அன்றேல் சந்தா செலுத்துங்கள் என்று திரையிலே எச்சரித்தது. படைப்பாளரோ வேறு வழிகளையும் நாடினர். அமெரிக்க இசைஞர் ஜாக் கொன்ரி, தாம் பெரும்பொருள் செலவிட்டு ஆக்கிய காணொளிக்கு விளம்பரத்தால் வந்தது சொற்பமே எனக் கண்டு மனம் நொந்தவர். இரசிகர்களே நேரே பணம் கொடுக்கும் பேட்ரியன் என்னும் அமைப்பை அவரும் ஒரு நண்பரும் 2013இல் தொடங்கினர். வேறு சிலர் ஆதரவாளரின் பொருளைத் தம் வாயாலேயே படத்தினுள் புகழ்கின்றனர். அப்பகுதியையும் தாண்டிச் செல்ல இப்போது ஒரு செயலி வந்துவிட்டது!

பெரியோர் இப்படிப் பிழைத்துக்கொள்வர். நம் கவலை சிறியோரைப் பற்றியது. நீண்ட காணொளி ஆக்குவோர் விளம்பரப் பங்கு பெறுவதற்கே 1000 சந்தாதாரரும் ஓராண்டில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இரவிரவாக விழித்திருந்து கணிதம் கற்பிக்கும் ஓர் இளைஞர் அந்த எல்லையைத் தாண்டிய பின்னும், அவரிடம் பயிலும் மாணவர் பலர் தடுப்பானோடே வந்தால் அவர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? சில தடுப்பான்களில், விரும்பிய படைப்பாளர் ஒருவருக்கு மட்டும் வழிவிடும் வசதி உண்டு. பரீட்சைக்கு உதவிய அந்த ஆசிரியரின் பெயரையேனும் மாணவர்கள் அதிலே சேர்த்து வைக்கலாம்.