கண் கண்ட சாக்ஷியும் தூக்குக் கயிறும்

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய்" என்று நமது கிராமத்துக் கிழவிகள்கூடச் சொல்லுவார்கள். ஆனால் அதே கிராமத்தில் ஒரு கொலை நடந்துவிட்டாலோ, "கண்ணால் கண்டவன் சொல்லுகிறானே, இதற்கு மேலும் என்ன ருஜு வேண்டும்?" என்று அதே வாய் கேட்கும். இந்த இரண்டில் எது சரி என்று யோசித்துப் பார்க்க வேண்டியது பகுத்தறிவுள்ளவர் கடமையாகும். ஏனெனில் இது வெறும் வாய்ப்பேச்சு விஷயமல்ல. ஒரு மனிதனின் கழுத்து சம்பந்தப்பட்ட விஷயம்.

கொலைக் கேசில் செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்தால் ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் உண்டு. தூக்குத் தண்டனையாயிருந்தால், தண்டிக்கப்பட்டவன் அப்பீல் செய்தாலும் செய்யாவிட்டாலும், ஹைக்கோர்ட்டு ஊர்ஜிதம் செய்தாலொழிய அதை நிறைவேற்ற முடியாது. இந்த ஏற்பாடு எதற்காக? கீழ்க்கோர்ட்டு ஜட்ஜும் மனிதன், சாக்ஷியும் மனிதன், மனிதன் தவறக் கூடியவன் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருப்பதால்தான்.

இப்போது ஒரு கேசைப் பார்ப்போம். சென்னை ராஜ்யத்திலிருந்து போன ஒரு கொலை அப்பீலில் சுப்ரீம் கோர்ட்டு 1957இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதில் நம்பத்தகுந்த கண் கண்ட சாக்ஷி மாண்டவரின் மனைவி ஒருத்திதான். ஒரே சாக்ஷியை நம்பித் தூக்கிலிடலாமா என்பது வக்கீல் வாதம். இத்தனை சாக்ஷிகள் வேண்டுமென்று 1872ம் வருஷத்து சாக்ஷியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை என்றும், சாக்ஷிகளை எண்ணக் கூடாது, எடை போட வேண்டும் என்றும் கோர்ட்டார் கூறினார்கள். முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டிற்கும் நடுவிலுள்ளவர் என்று சாக்ஷிகளை மூன்று வகையாகப் பிரித்து, மூன்றாவது வகையாருக்கு மாத்திரம் வேறு ஆதரவு தேட வேண்டுமென்றார்கள். அப்பீல் தள்ளப்பட்டது. அந்தப் பழைய சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி அப்படியே இருக்கின்றது.

இதில் முதற்பாகம் நமக்கு முழுச் சம்மதமே. மனுதர்மம் என்ன சொல்லுகின்றது? பெண்களுக்குப் பெண்களே சாக்ஷியாம். துவிஜருக்குத் துவிஜரே சாக்ஷியாம். சூத்திரருக்குச் சூத்திரரே சாக்ஷியாம்! கண் எல்லோருக்கும் ஒன்றாயிருக்கும்போது, காட்சிக்கு ஜாதி ஏது? இரவில் ஆண்பிள்ளையைக் கொல்ல வருகிறவன், நாலு ஜாதியிலும் ஆளுக்கொருவரைச் சாக்ஷிக்குக் கூட்டி வைத்துக்கொண்டா வெட்டுவான்? ஆகவே ஒரு பெண்பிள்ளையின் ஒற்றை வார்த்தையும் எடை போட்டுப் பார்த்து நம்பத்தக்கதே என்றது நியாயமேயாகும்.

நிற்க. அதே தீர்ப்பில், சாக்ஷி ஒன்றா பலவா என்பது தண்டனையின் அளவைப் பாதிக்காது என்றும் சொல்லப்பட்டது. இங்குதான் நாம் மாறுபடுகின்றோம். ஏன்?

மனிதனுடைய கண் போட்டோப் பெட்டியல்ல. கண்டது மூளையில் போய்த் தங்கியபின், கேள்வி கேட்பவனுடைய வார்த்தையும் அதோடு கலந்துவிடும். 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாப்டஸ் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளியும் மாணவர்களுக்கு மோட்டார் விபத்துப் படமொன்றைக் காட்டினார்கள். கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரங் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதில், முதல் கூட்டத்தில் 7 பேரும் இரண்டாவது கூட்டத்தில் 16 பேரும் "பார்த்தோம்" என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! இவர்களில் யாரும் பொய்யர்களல்லர். யாருக்கும் யாரிடமும் விரோதமில்லை. ஒரே ஒரு வார்த்தை, இல்லாத கண்ணாடியை உண்டாக்கி விட்டது. அப்படியிருக்க, இருட்டில், பயத்தில், அரை நிமிஷம் கண்ட முகத்தைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் பலதரம் கேட்கப்பட்ட சாக்ஷியின் கதி என்ன? அவர் சத்தியமே பேசலாம். ஆனால் அந்தச் சத்தியம் தப்பாயிருக்கலாம். அமெரிக்காவில் 1989 முதல் டி.என்.ஏ. பரிசோதனையால் நிரபராதிகளென்று விடுதலையானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், ஆள் அடையாளம் தப்பாய்ச் சொன்ன சாக்ஷிகளால் சிறை சென்றவர்களே.

சிறையிலிருப்பவனை வெளியே விடலாம். தூக்கிலிட்டவனை எந்த அப்பீல் எழுப்பிக் கொண்டுவரும்? ஆகவே, கண் ஒன்றையே நம்பித் தண்டிக்கலாம். கண் ஒன்றையே நம்பிக் கொல்லக் கூடாது என்பது நமது முடிவு. 2014இல் திரிபுராவிலிருந்து வந்த அப்பீலொன்றில், குற்றம் ருஜுவானாலும் மிச்சமாய் நிற்கும் சந்தேகத்தைத் தண்டனையில் கவனிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டே பேசித் தூக்கை மாற்றியிருக்கின்றது. அந்த வழியே நல்ல வழி.

"அப்படியானால் கண் கண்ட சாக்ஷியைத் தள்ளிவிடலாமே" என்று பணக்காரன் குதிக்க வேண்டாம். 1968 டிசம்பர் 25ந் தேதி கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிந்தன. செஷன்ஸ் கோர்ட்டு 1970இல் மிராசுதார்களைத் தண்டித்தது. அப்பீலில் ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கார் வைத்திருக்கும் பெரிய நிலச்சுவான்தார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களென்று நம்புவது கடினம் என்பதாகும்! இது கண்ணைச் சோதித்ததாகுமா? வெளிச்சம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, முன்பின் தெரிந்த முகமா என்று கேட்பது சோதனை. பணக்காரன் நடப்பானா என்று கேட்பது சோதனையா, பக்தியா? சாமி பொய் சொல்லாது என்பதற்கும், பணக்காரன் நடந்து வரமாட்டான் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

கடைசியாகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்களில் கொலை நடந்தால், வெட்டியவன் ஒருவனாயிருக்க, பழைய பகைக்காக அவன் அண்ணன், தம்பி, மாமன், மைத்துனன் என்று நாலு பேரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கமிருக்கின்றது. இதன் பலன் என்ன? ஒரு பொய் வெளிப்பட்டதும் மெய்யும் சந்தேகத்துக்கு ஆளாகி, உண்மையாய் வெட்டியவனே அப்பீலில் தப்பித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். செத்தவனுக்கு இதைவிடத் துரோகம் வேறுண்டா? ஆகவே கண்டதைக் கண்டபடி, உடனே, பயமின்றிச் சொல்லுங்கள். காணாததைச் சேர்க்காதீர்கள். முகம் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்று எந்த அதிகாரி முன்பும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். முன்பின் தெரியாதவனை அடையாளம் காட்டச் சொன்னால், மாஜிஸ்திரேட் முன்னிலையில் பலரோடு நிறுத்திக் காட்டும்படி கேளுங்கள். ஸ்டேஷனில் முன்கூட்டியே ஆளைக் காட்டினால், அதையும் கோர்ட்டில் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சத்தியப் பிரமாணம் சாக்ஷியின் நாக்கைத்தான் கட்டும், கண்ணைத் திருத்தாது. கண்ணைத் திருத்த விசாரணை ஒன்றினால்தான் முடியும்.