குடலில் தொடங்குகிறதா ஓட்டிசம்?

'ஓட்டிசத்துக்குக் காரணம் குடல் பக்டீரியா' என்ற பாணியிலான தலைப்புகளைத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் அடிக்கடி காண முடிகிறது. (தமிழ்நாட்டு வாசகர்கள் இதை ஆட்டிசம் என்று அறிவார்கள்.) இச்செய்திகளின் ஆங்கில மூலத்தில் பெரும்பாலும் 'தொடர்பு' என்ற சொல்தான் இருக்கும். மொழிபெயர்த்துத் தலைப்பிடும்போது அது 'காரணம்' ஆகிவிடுகிறது. செய்தி மேசையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற வகையில் இது எவ்வாறு நேர்கிறது என்பதை நான் அறிவேன். 'தொடர்பு இருக்கலாம்' என்பதை ஆசிரியர் எவரும் நல்ல தலைப்பாக ஏற்பதில்லை. ஆனால், அதை வாசிப்பவர்களில் ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தாயாரும் இருக்கிறார். பிள்ளைக்கு எதைக் கொடுத்து இப்படியாக்கினேன் என்ற கேள்வி அன்றிரவு அவரைத் தூங்கவிடாது.

இப்பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறுகள் அதிகம் என்பதில் ஐயமில்லை. 1943 இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதற் கட்டுரையிலேயே உணவூட்டுவதில் இருந்த சிரமங்கள் குறிப்பிடப்பட்டுள்ளன. மலச்சிக்கல், வயிற்றோட்டம், வயிற்றுவலி ஆகியன இவர்களிடம் ஏனைய பிள்ளைகளைவிட அதிகம். பேச்சு வராத பிள்ளை, வயிறு வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் கத்தும். தலையைச் சுவரில் மோதும். சுற்றியிருப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்பார்கள்.

இத்துறையின்மீது ஒரு பழைய நிழலும் படிந்திருக்கிறது. 1998 இல் பிரித்தானிய வைத்தியர் அன்ட்ரூ வேக்ஃபீல்ட், 12 பிள்ளைகளை வைத்துக் குடல் அழற்சியையும் ஓட்டிசத்தையும் தடுப்பூசியையும் முடிச்சுப்போட்டு 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார். 2010 இல் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. அதே வருடம் அவருடைய வைத்தியப் பதிவும் நீக்கப்பட்டது. அதன்பின் குடல் என்ற சொல்லை எடுக்கவே பல ஆய்வாளர்கள் தயங்கினார்கள்.

எனினும், நேர்மையான ஆய்வுகளும் நடந்தே வந்தன. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 11 பிள்ளைகளுக்கு வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானோரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. 2013 இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தினர், ஒருவகைக் குடல் பக்டீரியாவைக் கொடுத்ததும் சுண்டெலிகளின் சில நடத்தைகள் மாறியதாகக் காட்டினார்கள். சுண்டெலிக்கு ஓட்டிசம் வருவதில்லை. ஒத்த நடத்தைகளை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அதிகம் பேசப்பட்டது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வு. ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர்களை ஓட்டிசமுள்ள 18 பிள்ளைகளின் குடலில் குடியேற்றினார்கள். வயிற்று உபாதைகள் ஏறத்தாழ 80 வீதம் குறைந்தன, நடத்தையிலும் முன்னேற்றம் தென்பட்டது என்றார்கள். இரண்டு வருடங்களின் பின்னரும் பலன் நீடித்ததாக 2019 இல் எழுதினார்கள். ஆனால், போலி மருந்து கொடுத்து ஒப்பிடப்பட்ட குழு எதுவும் அதில் இருக்கவில்லை. என்ன சிகிச்சை என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். முன்னேற்றத்துக்கான மதிப்பெண்களிற் பலவற்றை இட்டவர்களும் அவர்களே. அந்த நம்பிக்கையைக் கழித்துப் பார்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதே கேள்வி.

என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, 2021 இல் 'செல்' சஞ்சிகையில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு. 247 பிள்ளைகளின் மலமாதிரிகளை அவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் 99 பேர் ஓட்டிசமுள்ளவர்கள். ஏனையோரில் அவர்களுடைய சகோதரர்களும் இருந்தனர். பக்டீரியாக்களுக்கும் ஓட்டிசத்துக்கும் நேரடித் தொடர்பு மிக அற்பமாகவே தென்பட்டது. ஓட்டிசமுள்ள பிள்ளைகள் மணம், நிறம், மென்மை பார்த்து மிகச் சில உணவுகளையே உண்கிறார்கள். உணவு குறுகும்போது குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகளும் குறுகுகின்றன என்பதே அவர்களின் விளக்கம். அதாவது, காரணம் என்று நாம் நினைத்தது விளைவாக இருக்கலாம். தினமும் வெறுஞ்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் மாத்திரம் உண்ணும் பிள்ளையை வளர்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

2024 இல் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தினர் 1,627 பிள்ளைகளை ஆராய்ந்து, பக்டீரியாவுடன் பூஞ்சணம், வைரஸ் முதலியவற்றையும் சேர்த்து 31 அடையாளங்களால் ஓட்டிசத்தைக் கண்டறியலாம் என்றார்கள். பயனுள்ள முயற்சிதான். ஆனால் அடையாளம் காரணமாகிவிடாது. 2025 இல் கெவின் மிச்செல், டொரதி பிஷப் உள்ளிட்ட மூவர், இந்த ஆய்வுத்துறையின் அத்திவாரமே பலவீனமானது என்று 'நியூரோன்' சஞ்சிகையில் வாதிட்டார்கள். சிறிய மாதிரிகளும் முரண்படும் பெறுபேறுகளும் அவர்களின் முக்கியக் குற்றச்சாட்டுகள். கதவை முற்றாக அடைக்க வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம்.

இதற்கிடையில் வியாபாரம் காத்திருக்கவில்லை. புரோபயோட்டிக் மாத்திரைகள் தாராளமாக விற்பனையாகின்றன. பாலையும் கோதுமையையும் நிறுத்தும்படி ஆலோசனை சொல்பவர்களும் குறைவில்லை. ஓட்டிசத்தின் பிரதான குணங்குறிகளை இவை மாற்றும் என்பதற்குத் திடமான சான்று கிடையாது. ஐந்து உணவுகளை மட்டும் ஏற்கும் பிள்ளையிடமிருந்து பாணையும் பாலையும் பறித்தால் மிஞ்சுவது மூன்று. நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சையும் விளையாட்டல்ல. மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலை பக்டீரியா இத்தகைய சிகிச்சை வழியே இருவருக்குத் தொற்றி, அவர்களில் ஒருவர் இறந்துவிட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 ஜூனில் எச்சரித்தது.

வயிற்றுவலிக்கும் மலச்சிக்கலுக்கும் வைத்தியம் செய்ய இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளை எத்தனை நாளைக்கு ஒருமுறை மலங்கழிக்கிறது, எந்த வேளையில் கத்துகிறது, அதற்கு முன் என்ன உண்டது என்று பெற்றோர் இரண்டு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு குழந்தை வைத்தியரிடம் போகலாம். கொப்பிக்குச் செலவு அதிகமில்லை.