கல் குவாரியும் சுரங்கமே!

“குவாரியில் பாறை சரிந்து தொழிலாளி பலி.” பத்திரிகையின் உள்பக்க மூலையில் இப்படி ஒரு செய்தி வரும். மொத்தம் நாலு வரி. நாலாவது வரி படிப்பவருக்கு மனப்பாடம்: “போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.” அந்த விசாரணை எங்கே போய் முடிந்தது, யார் தண்டிக்கப்பட்டார் என்று சொல்லும் ஐந்தாவது வரி கண்ணில் படுவதே அபூர்வம்.

நாலு வரிக்குள் “விபத்து” என்ற சொல் மட்டும் தவறாமல் இருக்கும். நம்முடைய வழக்கு முதலில் அந்தச் சொல்லின் மேல்தான். எதிர்பாராமல் நேர்வதற்குப் பெயர் விபத்து. நேற்றே விரிசல் கண்ட பாறை இன்று விழுந்தால் அது விபத்தா? அடியில் நின்றவனுக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், குத்தகைதாரருக்கும் தெரியும். தெரிந்தும் வேலை நடந்தது. தெரிந்தே நடப்பதற்கு வேறு பெயர் உண்டு.

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் திருவக்கரை இருக்கிறது. அங்கே சுமார் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரங்களை மத்திய சர்க்கார் வேலி போட்டுக் காக்கிறது. நல்ல காரியம். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலியைத் தாண்டிச் சுற்றுவட்டாரத்தில் நடந்து பாருங்கள். கல் குவாரிகள், ஜல்லி கிரஷர்கள், டிப்பர் லாரிகள், இலையெல்லாம் வெளுத்துப்போன மரங்கள். கல்லாகிப்போன மரத்துக்கு வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தில் கல் உடைக்கும் மனுஷனுக்கு என்ன இருக்கிறது?

சட்டம் சொல்வது என்ன?

சுரங்கம் என்றால் பூமிக்கு அடியில் இருட்டில் நிலக்கரி வெட்டுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். “இது சுரங்கமா? வெறும் கல் குவாரி” என்று முதலாளி சொல்லும்போது தொழிலாளியும் நம்பிவிடுகிறான். இந்த நம்பிக்கைதான் முதலாளிக்கு முதல் லாபம்.

1952-ம் வருஷத்திய சுரங்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்டடக் கல் வெட்டும் பள்ளமும் சுரங்கம்தான் என்றது அது. பள்ளம் எங்கேயும் 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டக்கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது, வெடி வைக்கவே கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால்தான் திறந்தவெளிக் குவாரிக்கு அதில் விலக்கு. வெடி இல்லாமல் கருங்கல் குவாரி ஏது? 6 மீட்டர் என்பது ஏறக்குறைய 20 அடி. தென்னைமர உயரத்தையும் தாண்டிக் கீழே போன பள்ளத்தில் நின்றுகொண்டு “இது சுரங்கம் அல்ல” என்று சொல்வது பச்சைப் பொய்.

1961-ம் வருஷத்திய உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள் இன்னும் விளக்கமாகப் பேசுகின்றன. கெட்டியான பாறையிலும் பக்கங்களைப் படிப்படியாக வெட்டித்தான் இறங்க வேண்டும். ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. அடியைக் குடைந்து மேல்பாறையைத் தொங்கவிடக்கூடாது. வெடி வைப்பவர் அதற்கான சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்கள் நெய்வேலியைப் போய்ப் பார்க்கட்டும். நெய்வேலியும் திருவக்கரையும் 1993 வரை ஒரே தென்னாற்காடு ஜில்லாவாக இருந்தவை. 1961 முதல் பழுப்பு நிலக்கரி எடுக்கும் நெய்வேலியில் பிரமாண்டமான பள்ளத்தைப் படிகளாக வெட்டித்தான் இறங்குகிறார்கள். ஆகவே வித்தை தெரியாமல் இல்லை. படி வெட்டினால் அதிக இடம் வேண்டும், அதிக நாள் வேண்டும், ஒரு லோடு ஜல்லிக்குச் செலவு கூடும். செங்குத்தாக இறங்கினால் செலவு குறையும். குறைகிற அந்தச் செலவைத் தொழிலாளி தன் உயிரால் கட்டுகிறான்.

நிலக்கரி கற்பித்த பாடம்

இந்த விதிகள் எந்த மந்திரியின் கருணையிலும் பிறக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களில் மாண்டவர்களின் பிணங்களின் மேல் எழுதப்பட்டவை இவை.

1906 மார்ச் 10ந் தேதி, பிரான்சில் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 1,099 பேர் மாண்டனர். சில நாளாகவே ஒரு குழிக்குள் தீ கனன்றுகொண்டிருந்தது. தீ அணையும்வரை ஆட்களை இறக்காதீர்கள் என்று தொழிலாளர் பிரதிநிதி சொன்னார். நிர்வாகம் கேட்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1958 பிப்ரவரியில் வங்காளத்தின் சினாகுரியில் 170க்கு மேற்பட்டோர். 1965 மே மாதம் தன்பாத் பக்கம் தோரியில் 268 பேர். 1975 டிசம்பர் 27ந் தேதி சாஸ்நாலாவில் 370க்கு மேற்பட்டோர். சாஸ்நாலாவில் என்ன நடந்தது? நீர் நிறைந்து கிடந்த பழைய குடைவுக்கும் ஆட்கள் வேலை செய்த இடத்துக்கும் நடுவே இருந்த தடுப்பு உடைந்து வெள்ளம் பாய்ந்தது. பழைய குடைவு ஒரே இரவில் முளைத்ததா? மேகாலயாவில் எலிவளைச் சுரங்கங்களைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014ல் தடை செய்தது; 2018 டிசம்பரில் அதேபோன்ற வளை ஒன்றில் 15 பேர் வெள்ளத்தில் சிக்கினர். தடை காகிதத்தில் இருந்தது. தொழிலாளி குழியில் இருந்தான்.

எல்லா இடத்திலும் பாடம் ஒன்றே. அபாயம் சொல்லாமல் வருவதில்லை. அதை முதலில் காண்பவன் அதனடியில் நிற்கும் தொழிலாளி. “நிறுத்து” என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவனிடம் இல்லை.

தமிழ்நாட்டின் மே மாதங்கள்

வங்காளமும் மேகாலயாவும் தூரம் என்பீர்களா? தமிழ்நாட்டையே பாருங்கள்.

2022 மே 14ந் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினர். சுமார் 300 அடி ஆழம். மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. 4 பேர் மாண்டனர். 2024 மே 1ந் தேதி, உலகத் தொழிலாளர் கொடியேற்றும் நாளில், விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 3 பேர் உருத்தெரியாமல் போயினர். 2025 மே 20ந் தேதி, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து 6 உயிர்கள் போயின.

மூன்று முறையும் மந்திரிகள் அனுதாபம் தெரிவித்தார்கள். சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. மக்கள் பணம் கொடுக்கப்பட்டது. கல்லை விற்ற லாபம் இருந்த இடத்திலேயே இருந்தது. இதுதான் இவர்கள் நியாயம்!

ரத்தம் சிந்தாத சாவு

பாறை விழுந்து செத்தால் நாலு வரியாவது வரும். தூசியால் செத்தால் அதுவும் இல்லை.

கருங்கல்லில் சிலிகா இருக்கிறது. துளை போடும்போதும் கிரஷரில் அரைக்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நெஞ்சுக்குள் இறங்குகிறது. நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகுகிறது. இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து இல்லை. காசம் என்று எண்ணி மாத்திரை தின்று, மூச்சு வாங்கி, வேலைக்குப் போக முடியாமல் வீட்டுத் திண்ணையில் சாகிறவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

புதிதாகக் கண்டுபிடித்த நோயா இது? கோலார் தங்கவயலில் ஆற்காட்டு ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். அவர்கள் நெஞ்சில் ஏறிய இந்தத் தூசிக்காக மைசூர் சமஸ்தானம் 1940லேயே நஷ்டஈட்டு விதிகள் செய்தது. ராஜா ஆண்ட நாட்டில் 1940ல் ஒப்புக்கொண்ட நோயை, ஜனநாயக ஆட்சியில் திண்டிவனம் பக்கத்துக் கிரஷர் தொழிலாளிக்கு யார் பரிசோதித்துப் பார்க்கிறார்கள்? துளையில் தண்ணீர் பாய்ச்சினால், கிரஷரை மூடித் தண்ணீர் தெளித்தால் பெரும்பகுதித் தூசி அடங்கும். தண்ணீருக்கா பஞ்சம்? கைவிட்ட பள்ளங்களில் அது தேங்கித்தானே கிடக்கிறது!

“தொழிலாளியின் அஜாக்கிரதை”

முதலாளிகளின் பதில் நமக்குத் தெரியும். “ஹெல்மெட் கொடுத்தோம், போடவில்லை” என்பார்கள். லாரி அளவுப் பாறைக்கு ஹெல்மெட்டா? அடியில் நிற்கவிட்டுத் தலைக்கு மூடி கொடுப்பது பாதுகாப்பு அல்ல. விசாரணை அதிகாரிக்குக் காட்ட ஒரு சாட்சி.

“அவசரப்பட்டான்” என்பார்கள். அவசரப்படுத்தியது யார்? லோடுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவசரப்படாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. குத்தகைதாரருக்குக் கீழே காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கூலியாள். விதியின் பலகை எந்தப் பாஷையில் இருந்தாலும் அவன் படிக்க முடியாது. அவன் செத்தால் பிணவறை வாசலில் பேரம் நடக்கும். வயதையும் கூலியையும் வைத்துச் சட்டப்படி கணக்கிட வேண்டிய நஷ்டஈடு, ஊர் போகிற வண்டிச் செலவோடு சேர்த்து ஒரு தொகையாக முடிந்துபோகும்.

“குவாரியை மூடினால் பிழைப்புப் போகுமே” என்று தொழிலாளியையே கேடயமாக்குவார்கள். மூடச் சொல்வது யார்? படி வெட்டி இறங்கு என்கிறோம். படி வெட்டினால் வேலைநாள் கூடும், பிழைப்புப் போகாது.

காவல் யாரிடம்?

குத்தகை கொடுப்பது ராஜ்ய சர்க்கார். சீனியரேஜ் வசூலிப்பது கனிமவளத் துறை. அதற்கு விழுப்புரத்தில் அதிகாரி உண்டு. ஆனால் உயிர்ப் பாதுகாப்பு மத்திய சர்க்காரின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் பொறுப்பு. அதன் தலைமையகம் நிலக்கரி நகரமான தன்பாத்தில் இருக்கிறது. கல்லை அளக்கும் அதிகாரி கிட்டத்தில். உயிரை அளக்கும் அதிகாரி எட்டத்தில். “பாதுகாப்பு எங்கள் வேலையில்லை” என்று ஒருவர் சொல்லலாம், “எங்களுக்குத் தகவலில்லை” என்று மற்றவர் சொல்லலாம். இரண்டு நாற்காலிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் தொழிலாளி விழுகிறான்.

2025 நவம்பர் 21ந் தேதி அந்த 1952-ம் வருஷத்துச் சட்டமும் போயிற்று. தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதில் ஆய்வாளரின் பெயருக்குப் பின்னால் “வசதி செய்து தருபவர்” என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. யாருக்கு வசதி? கடமை தவறியதால் சாவு நேர்ந்தால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 5,000 ரூபாய் வரைதான். ஆகவே இது முன்னேற்றம் என்பார்கள். நாம் தொகையைப் பார்க்கவில்லை. “அல்லது” என்ற சொல்லைப் பார்க்கிறோம். பணம் உள்ளவன் வெளியே வரும் வாசல் அது. உடனடி அபாயம் கண்டால் தொழிலாளி முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாமாம். தெரிவித்துவிட்டு? பாறைக்கடியில் நின்றபடி பதிலுக்குக் காத்திருப்பதா?

அபாயம் கண்டால் இடத்தை விட்டு விலகும் உரிமையும், பாதுகாப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் சுரங்கத் தொழிலாளிக்கு உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1995லேயே, 176-வது உடன்பாட்டில் எழுதியது. அந்த உரிமை திருவக்கரைக்கு வரவேண்டும்.

நாம் கேட்பது

ஒன்று: குவாரி வாசலில் “இது சுரங்கம்” என்று பலகை வைக்க வேண்டும். குத்தகைதாரர், மேலாளர், வெடி வைப்பவர் ஆகியோரின் பெயர்களும், படியின் உயரமும், ஆய்வு நடந்த தேதியும் அதில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும்.

இரண்டு: படி வெட்டாத குவாரிக்கு லாரிச் சீட்டு தரக்கூடாது. கல் வெளியே போகாவிட்டால் ஒரே வாரத்தில் படி தானாக வரும்.

மூன்று: 1955-ம் வருஷத்திய சுரங்க விதிகள் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் ஆய்வாளரை நியமிக்கச் சொல்லின. சிறு குவாரிகள் இதைக் காட்டியே தப்பின. ஒரு தாலுகாவின் குவாரிகளையும் கிரஷர்களையும் ஒரே கணக்கில் சேர்த்து, தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் ஆய்வாளர்களை நியமிக்க வேண்டும். அவர்கள் “நிறுத்து” என்றால் வேலை நிற்க வேண்டும். அன்றைய கூலி நிற்கக்கூடாது.

நான்கு: வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே பரிசோதனை, முதலாளி செலவில். ராஜஸ்தான் சர்க்கார் சிலிகோசிஸ் நோயாளிகளுக்கென்று 2019ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஐந்து: சாவு நேர்ந்தால் பிணவறை வாசல் பேரம் செல்லாது. வழக்கின் முடிவைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கோரிக்கைகள் கோட்டையில் தானாக விளையப் போவதில்லை. தமிழ்க் கூலியாளும் ஒடியாக் கூலியாளும், டிப்பர் டிரைவரும், தூசியில் பயிர் வெளுத்த விவசாயியும் ஒரே சங்கத்தில் சேரும்போதுதான் விளையும். கூரியேரில் தீயைக் கண்டு சொன்ன பிரதிநிதி தனி ஆளாகச் சொன்னார், கேட்பாரில்லை. ஒரு குவாரியே சேர்ந்து “படி வெட்டாமல் இறங்கமாட்டோம்” என்று சொல்லட்டும். எந்த முதலாளி கேட்காமல் இருப்பான், பார்ப்போம்!